பழைய படங்களை ஃபோல்டரில் போட்டால் பதிவில் படம் உடையுமா?

சமையல்கட்டு: வேர்ட்பிரஸ் வலைப்பதிவில் சமையல் குறிப்பு எழுதுகிறேன், மீடியா லைப்ரரியில் எல்லாப் படமும் ஒரே குவியலாகக் கிடக்கிறது, போன பொங்கலுக்குப் போட்ட படத்தைத் தேடினால் தலை சுற்றுகிறது. ஃபைல்பேர்ட் என்ற ப்ளகின் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) போட்டு ஃபோல்டர் பிரித்தால் பழைய பதிவுகளில் படம் காணாமல் போய்விடாதா?

வைகைக்கரை: போகாது. அந்த ஃபோல்டர் எல்லாம் டேட்டாபேஸில் இருக்கிற கணக்குதான். ஃபைல், சர்வரில் உள்ள அப்லோட்ஸ் ஃபோல்டருக்குள் ஆண்டு, மாத வாரியாக இருந்த இடத்திலேயே இருக்கும், முகவரி மாறாது. ஆக்டிவேட் செய்ததும் மீடியா பக்கத்தில் இடது ஓரம் ஃபோல்டர் வரிசை வரும், பல்க் செலக்ட் அழுத்தி மொத்தமாக இழுத்துப் போடுங்கள். பிறகு ஃபோல்டரை அழித்தாலும் படம் அழியாது.

எறும்பு: மீடியா லைப்ரரி ஃபோல்டர்ஸ் என்ற பெயரில் இன்னொரு ப்ளகின் உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். அது ஃபைலையே நிஜமாக நகர்த்தும். பதிவுக்குள் இருக்கும் இணைப்பை மாற்றிவிடும், சரி, ஆனால் பின்ட்ரெஸ்டில் யாராவது படத்தின் நேரடி முகவரியைப் பகிர்ந்திருந்தால் அது போச்சு. எதைப் போட்டாலும் முதலில் பேக்கப்.

சமையல்கட்டு: நன்றிங்க, அப்படியென்றால் ஃபைல்பேர்டே போதும். ஹோஸ்டிங்கில் இடமும் மிச்சமாகுமா?

வைகைக்கரை: ஆகாது. ஒரு படம் ஏற்றினாலே வேர்ட்பிரஸ் தம்ப்நெயில் (சிறு படம்), மீடியம் என்று பல அளவில் நகல் எடுத்து வைக்கிறதே, அதற்கு இது மருந்தில்லை. ஏற்றும் முன்பே படத்தைச் சுருக்குங்கள்.