முசுறுக் கூட்டில் ராணி செத்துவிட்டால் அப்புறம் யார் முட்டையிடுவது?

தோப்புக்காரன்:
எங்கள் மாமரத்தில் நாலைந்து வருடமாக முசுறு, அதாவது இலைகளை ஒட்டிக் கூடு கட்டும் செவ்வெறும்பு, இருக்கிறது. போன வாரம் கிளை வெட்டும்போது ஒரு கூடு பிய்ந்து விழுந்தது, உள்ளே வெள்ளைப் புழுவும் குட்டி எறும்புகளும்தான், ராணி மாதிரி பெரிதாக எதுவும் கண்ணில் படவில்லை. கூட்டுக்கு ஒரு ராணி இல்லையா? அது செத்தால் வேலைக்காரிகளில் ஒன்று ராணி ஆகிவிடுமா? மழைக்குப் பிறகு பறக்கும் ஈசல் இதோட ராணிதானே?

இலைக்கூடு:
ஒரு மரத்திலோ பக்கத்து மரங்களிலோ நீங்கள் பார்க்கும் அத்தனை கூடும் பெரும்பாலும் ஒரே குடும்பம், ராணி ஏதோ ஒரு கூட்டில் மட்டும் இருக்கும். விழுந்தது அதுவாக இல்லாமல் இருக்கலாம்.
அப்புறம், அவை குட்டி எறும்புகள் இல்லை. கூட்டுப்புழுவிலிருந்து வெளியே வந்த எறும்பு அதற்கு மேல் வளராது. முசுறில் வேலைக்காரிகளே இரண்டு அளவு: சின்னவை உள்ளேயே இருந்து புழுக்களைப் பார்த்துக்கொள்ளும், பெரியவை இரை தேடும், சண்டை போடும், இலையை இழுத்துப் பிடிக்கும். ஒட்டுவதற்குப் பட்டு நூல் தருவது புழுக்கள், பெரியவை அவற்றை வாயில் கவ்வி நெசவுத் தறி நாடா மாதிரி இங்கும் அங்கும் ஓட்டும். இன்னொரு வேடிக்கை, எல்லையோரக் கூடுகளில் காவலுக்கு நிற்பவை வயதான வேலைக்காரிகள். நாம் இளவட்டத்தைப் போருக்கு அனுப்புகிறோம், அவை பாட்டிகளை அனுப்புகின்றன.
ராணி செத்தால் இன்னொன்று முளைக்காது. முட்டையிலிருந்து வந்த பெண் புழு ராணியாகுமா வேலைக்காரியாகுமா என்பது வளரும்போதே முடிவாகிவிடும். முசுறு வேலைக்காரிகள் இணை சேர்வதில்லை, முட்டை போட்டாலும் கருவுறாத முட்டை, அதிலிருந்து ஆண்கள்தான் வரும். வேலை செய்யப் புது ஆள் இல்லாமல் குடும்பம் மெதுவாகக் கரைந்துவிடும்.

புற்றுமண்:
ஈசல் எறும்பே இல்லைங்க, கறையான். அங்கே ராஜாவும் ராணியோடு கூடவே வாழும், வேலைக்காரர்களில் ஆணும் உண்டு. எறும்பில் ஆணுக்குப் பறந்து இணை சேர்வதோடு கதை முடிந்தது, ராணி அந்த விந்தை உடம்பில் சேமித்து வருடக்கணக்கில் பயன்படுத்தும்.

தோப்புக்காரன்:
அப்படியென்றால் ஆண் எறும்புக்கு அப்பாவே கிடையாதா?!

இலைக்கூடு:
கிடையாது, தாத்தா உண்டு. அம்மாவின் அப்பா.

புற்றுமண்:
எல்லா எறும்பும் முசுறு மாதிரி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டிலேயே ஒரு குதிக்கும் எறும்பு இருக்கிறது, ஹார்பெக்னாதோஸ் சால்டேட்டர். ராணி செத்ததும் வேலைக்காரிகள் உணர்கொம்பால் ஒன்றையொன்று அடித்து, ஒரு மாதத்துக்கும் மேலே கூடப் போட்டி போடும். ஜெயித்த சிலது முட்டையிடத் தொடங்கும், அவற்றுக்கு மூளை சுமார் கால் பங்கு சுருங்கும், ஆயுளோ மாதக்கணக்கிலிருந்து வருடக்கணக்காக நீளும். அப்படிப்பட்டதைப் பிரித்து வைத்து மறுபடி வேலைக்காரியாக்கிப் பார்த்தார்கள், 2021-ல் முடிவு வெளியானது. முட்டைப்பை சுருங்கியது, மூளை திரும்ப வளர்ந்துவிட்டது.