பின்சக்கரத்தில் ஆட்டம், ஏ-ஆர்ம் பிராக்கெட்டில் விரிசல்: என்ன செய்வது?

கேள்வி

வணக்கம். ஃபார்முலா பாரத் என்ற மாணவர் ரேஸ் கார் போட்டிக்காகக் கல்லூரியில் கட்டிய கார். ஸ்பேஸ் ஃபிரேம் (குழாய்களைப் பற்றவைத்த சட்டகம்), 25.4 மி.மீ. குழாய், 13 அங்குல ரிம், பின்னால் டபுள் விஷ்போன் (சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடிக்கும் இரண்டு ஏ வடிவ ஆர்ம்கள்). வேகத்தில் பிரேக் போட்டால் பின்பக்கம் ஒரு பக்கமாக இழுக்கிறது. ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தை 3 மணி - 9 மணி நிலையில் பிடித்து ஆட்டினால் நன்றாகவே அசைகிறது. 12 - 6 நிலையில் அவ்வளவு இல்லை.

கீழ் ஆர்மின் வெளிமுனையில் எம்8 ராட் எண்ட் (மரையுள்ள தண்டின் நுனியில் உருண்டை மூட்டு). கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு) வைப்பதற்காக 25 மி.மீ. மரை வெளியே நிற்கிறது. அந்த ஆர்மின் முன் பிராக்கெட், இரண்டு கணுக்களுக்கு (குழாய்கள் சேரும் இடங்களுக்கு) நடுவே வெறும் குழாயில் உட்கார்ந்திருக்கிறது. வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல். ராட் எண்டை எம்10 ஆக்கி, விரிசல் மேல் ஒரு ரன் வெல்டிங் ஓட்டினால் போதுமா?

பதில் 1

போதாது. சரிசெய்து முடிக்கும்வரை காரை ஓட்டவே கூடாது. கீழ் ஆர்ம் முறிந்தால் சக்கரம் உள்ளே மடங்கும், பிறகு ஸ்டியரிங்கால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

ராட் எண்ட் இழுவிசைக்கும் அழுத்தத்துக்கும் செய்யப்பட்டது, வளைவுக்கு அல்ல. கணக்குப் போடுங்கள். பின்சக்கரத்தில் பிரேக் விசை 1000 நியூட்டன், பால் ஜாயிண்ட்கள் (மேல், கீழ் ஆர்ம்களின் வெளிமுனை மூட்டுகள்) தரையிலிருந்து 130, 360 மி.மீ. உயரத்தில் என்று வைத்தால், கீழ் ஜாயிண்டில் 1000 × 360 ÷ 230, அதாவது சுமார் 1565 நியூட்டன் விழும். 25 மி.மீ. நீட்டத்தில் அது 39 நியூட்டன் மீட்டர் வளைவு. எம்8 மரையின் அடிவிட்டம் 6.47 மி.மீ.; தகைவு சுமார் 1,470 மெகாபாஸ்கல் வரும். 8.8 கிரேடு எஃகு 640-லேயே நெளிந்துவிடும். எம்10 போட்டாலும் 730-க்கு மேல். அதே விசை நேராக இழுத்தால் எம்8-இல் வெறும் 43தான்.

ஆகவே அந்த முனையில் மரையே வேண்டாம். லேத்தில் ஒரு கப் கடைந்து ஆர்மின் முனையில் பற்றவைத்து, ஸ்பெரிகல் பேரிங்கை (எந்தப் பக்கமும் திரும்பும் உருண்டை பேரிங்) அழுத்திப் பொருத்தி, அது கழலாதபடி சர்க்ளிப் போடுங்கள். பேரிங்கை உள்ளே வைத்துக்கொண்டு வெல்டிங் செய்யாதீர்கள், லைனர் கருகிவிடும். வெல்டிங்கில் கப் கோணும், அதனால் 0.3 மி.மீ. மிச்சம் விட்டு, ஆறிய பிறகு உள்துளையைக் கடைந்து அளவுக்குக் கொண்டுவாருங்கள். கேம்பரை மேல் பிராக்கெட்டுக்கும் அப்ரைட்டுக்கும் (சக்கர பேரிங்கைத் தாங்கும் பாகம்) நடுவே ஷிம் (மெல்லிய தகடு) வைத்து மாற்றலாம். 230 மி.மீ. இடைவெளிக்கு 1 மி.மீ. ஷிம் கால் டிகிரி தரும்.

பதில் 2

விரிசல் மேல் வெல்டிங் ஓட்டினால் அடியில் விரிசல் அப்படியே இருக்கும், பக்கத்தில் புதிதாக ஒன்று கிளம்பும். பிராக்கெட்டை அறுத்து எடுங்கள், குழாயைப் பளபளப்பாகத் தேய்த்து டை பெனட்ரண்ட் (விரிசலைக் காட்டும் சிவப்புச் சாயம்) அடித்துப் பாருங்கள். சிவப்புக் கோடு குழாயில் தெரிந்தால் அந்தக் குழாயையே மாற்ற வேண்டும்.

பிராக்கெட் விரிந்ததற்குக் காரணம் அதன் தடிமன் அல்ல, இடம். நடுக்குழாயில் விசை விழும்போதெல்லாம் குழாய் வளைகிறது. பிராக்கெட்டைக் கணுவுக்கு நகர்த்துங்கள். வடிவியல் இடம் கொடுக்காவிட்டால், பிராக்கெட்டுக்கு நேர் பின்னாலிருந்து எதிர்க் கணுவுக்கு ஒரு மூலைவிட்டக் குழாய் ஏற்றுங்கள். போல்ட்டின் மரையில்லாத தண்டுதான் பிராக்கெட்டின் இரண்டு காதுகளிலும் உட்கார வேண்டும். நட்டுக்கு வெளியே இரண்டு மரையாவது தெரியவேண்டும், இல்லையென்றால் போட்டியின் பரிசோதனையில் திருப்பி அனுப்புவார்கள். பிரேக் டிஸ்க் அருகே நைலான் நட் வேண்டாம். முழு உலோக லாக் நட் போடுங்கள்.

கேட்டவர்

நன்றி. டோ லிங்க்கின் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பி நிற்கும் கோணமான டோவைப் பிடித்துவைக்கும் கம்பி) வெளிமுனை, அப்ரைட்டில் ஒரே பக்கம் பிடித்த போல்ட்டில் இருக்கிறது. பால் ஜாயிண்ட் அச்சிலிருந்து 60 மி.மீ. தள்ளி. அதையும் மாற்றணுமா?

பதில் 3

3 - 9 ஆட்டம் அங்கிருந்துதான் வருகிறது, என்னைக் கேட்டால் பிரேக்கில் இழுப்பதற்கும் முதல் காரணம் அதுதான். 60 மி.மீ.க்கு அரை மி.மீ. தளர்வு இருந்தாலே டோ கிட்டத்தட்ட அரை டிகிரி மாறும். 100 மி.மீ. ஆக்கினால் 0.3 டிகிரிக்குக் கீழே போகும். போல்ட்டை இருபுறமும் தாங்கும்படி கிளெவிஸ் (இரண்டு காதுள்ள பிடி) செய்யுங்கள். உடனே முடியாவிட்டால், மூட்டின் உருண்டை உடைந்தாலும் லிங்க் கழன்று வராதபடி ஹவுசிங் துளையைவிடப் பெரிய வாஷராவது போல்ட் தலைப்பக்கம் இருக்கட்டும்.

மாற்றியதும் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தின் இடத்தில் தட்டையான பலகை மாட்டி, முன்னும் பின்னும் டயல் கேஜ் வைத்து, 25 மி.மீ. மேலும் கீழும் 5 மி.மீ. படியாக டோவை எழுதுங்கள். கோடு ஒரே சாய்வாக வந்தால் உள்முனையின் உயரம் தப்பு, ஷிம்மால் சரியாகும். வில்லாக வளைந்தால் லிங்க்கின் நீளம் தப்பு, உள் பிராக்கெட்டையே பக்கவாட்டில் நகர்த்தணும்.