55 வயதில் பென்ஷன்: அவருக்கு முழுசா, எனக்கு மட்டும் ஏன் குறைவு? அவசரம்

வார்டுமலர்: பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸில் நர்ஸ். அடுத்த மாதம் 55 ஆகிறது. எங்கள் வார்டு அக்கா ஒருவர் 55லேயே முழு பென்ஷனும் எடுத்துவிட்டு வாரம் இரண்டு ஷிப்ட் வந்து போகிறார். நான் கேட்டால் "குறைத்துத்தான் தருவோம்" என்கிறார்கள். ஒரே வார்டு, ஒரே சம்பள நிலை! வெள்ளிக்கிழமைக்குள் மேனேஜரிடம் சொல்லியாக வேண்டும், யாராவது சொல்லுங்கள்.

இரவுப்பணி: எந்த வருடம் சேர்ந்தீர்கள் அக்கா? அது தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது.

தேம்ஸ்கரை: இங்கிலாந்தா, ஸ்காட்லாந்தா? ஸ்காட்லாந்தில் நிர்வாகமே வேறு.

சாமி_லண்டன்: பென்ஷன் எடுக்கும் குறைந்தபட்ச வயதை 57 ஆக்கிவிட்டார்களே, அதுதான் காரணம். எனக்கு அப்போதே தெரியும்.

கணக்குப்பிள்ளை: அது 2028 ஏப்ரல் 6 முதல், சாமி. வருடா வருடம் அறிக்கை வருகிறது, ஒருவரும் திறந்து பார்ப்பதில்லை, கடைசி வாரத்தில் இங்கே வந்து அவசரம் என்பது. 1995 மார்ச் 6க்கு முன்பே என்எச்எஸ்ஸின் பழைய பென்ஷனான 1995 திட்டத்தில் இருந்து, நடுவில் 5 வருட இடைவெளி விழாத நர்ஸ்களுக்குத்தான் 55ல் குறைப்பில்லாமல் கிடைக்கும். அந்த அக்கா அந்தக் காலத்து ஆளாக இருப்பார். அவருக்கும்கூட பின்னால் வந்த புதிய 2015 திட்டத்துப் பங்கு முழுசாக வந்திருக்காது.

வார்டுமலர்: மன்னிக்கவும். 2003, இங்கிலாந்து. இடைவெளி இல்லை.

இரவுப்பணி: அப்போ நீங்களும் முதலில் 1995 திட்டம்தான், பிறகு 2015 திட்டம். 1995 பங்குக்கு 60, 2015 பங்குக்கு அரசு பென்ஷன் வயது, உங்களுக்கு 67. முன்னாடியே எடுத்தால் குறைப்பு ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும், 60 ஆனதும் சரியாகிவிடாது. 2015 முதல் 2022 மார்ச் வரையான ஏழு வருடத்தைப் பழைய கணக்கில் சேர்ப்பதா, 2015 கணக்கிலா என்று ஓய்வின்போது உங்களையே கேட்பார்கள். பழையதைத் தேர்ந்தால் 2003 முதல் 2022 வரை 19 வருடம். சம்பளம் 36,000 பவுண்ட் என்று வைத்தால், 80ஆல் வகுத்து 19ஆல் பெருக்குங்கள்: வருடம் 8,550. ஓய்வின்போது ஒரே தடவை தரும் மொத்தத் தொகை அதைப்போல் மூன்று மடங்கு, 25,650. இது 60ல் வருகிற கணக்கு.

தேம்ஸ்கரை: வேலையை விடாமலே பென்ஷனும் வாங்கும் பகுதி ஓய்வு எடுக்கலாமே? 2023 அக்டோபரிலிருந்து 1995 ஆட்களுக்கும் உண்டு. பென்ஷனுக்குக் கணக்காகும் சம்பளம் 10 சதவீதமாவது குறைய வேண்டும், மேனேஜர் சம்மதிக்க வேண்டும். 60க்கு முன் எடுத்தால் அதிலும் குறைப்பு உண்டு.

சாமி_லண்டன்: பென்ஷனும் வாங்கிக்கொண்டு சம்பளமும் வாங்கினால் புதுப் பிள்ளைகளுக்கு இடம் எங்கே?

இரவுப்பணி: எந்த வார்டில் இடமில்லை? நேற்று இரவு 28 நோயாளிகளுக்கு நாங்கள் இரண்டே பேர்.

சாமி_லண்டன்: நான் பொதுவாகச் சொன்னேன். மொத்தத் தொகையை வாங்கி வீட்டுக் கடனை அடைப்பதுதான் புத்தி.

கணக்குப்பிள்ளை: ஆயுளுக்கும் வருகிற பணத்தைக் குறைத்துக்கொண்டு கடன் அடைப்பது புத்தியா? சரி, உங்கள் பணம். வார்டுமலர், எதுவானாலும் பென்ஷன் விண்ணப்பமான ஏடபிள்யூ8 படிவத்தைச் சில மாதம் முன்பே கொடுக்க வேண்டும். அடுத்த மாதம் என்பதை மறந்துவிடுங்கள்.

தேம்ஸ்கரை: வெள்ளி போய்விட்டதே, என்ன ஆயிற்று அக்கா?

வார்டுமலர்: 60 வரை எடுக்கப்போவதில்லை. பகுதி ஓய்வு பற்றி மேனேஜருக்கே தெரியவில்லை, எச்ஆரில் கேட்டுச் சொல்வாராம். அந்த அக்கா சேர்ந்தது 1991ஆம். நைட்டுக்குக் கிளம்புகிறேன், நன்றி.