வேலையை விடாமல் சமூகப்பணியில் பிஎச்டி?

மதுரைக்காரி:
எம்எஸ்டபிள்யூவில் (சமூகப்பணி முதுகலை) 61 சதவீதம். குழந்தைகள் இல்லம் ஒன்றில் ஆலோசகர். 18 வயதானதும் டிரங்குப் பெட்டியோடு வெளியேறும் பிள்ளைகள் பிறகு என்ன ஆகிறார்கள் என்று ஆராய ஆசை. எம்ஃபில் (பிஎச்டிக்கு முந்தைய ஆய்வுப் பட்டம்) இல்லாமல் பிஎச்டியில் சேர முடியுமா? வீட்டுக்கடன் இருப்பதால் வேலையை விட முடியாது.

குமரன்:
தாராளமாக. 2022 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகளோடு எம்ஃபிலே போய்விட்டது. முதுகலையில் 55 சதவீதம் போதும். நெட் (தேசிய தகுதித் தேர்வு) எழுதுங்கள். அதில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைக்காவிட்டாலும், பிஎச்டி சேர்க்கைக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30 சதவீதம் என்று பார்க்கிறார்கள். அந்த மதிப்பெண்ணை ஓராண்டுக்குள் பயன்படுத்திவிடுங்கள்.

ஆய்வுக்கூடத்து அக்கா:
பகுதிநேரம் உண்டும்மா, இல்லத்திலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். அதற்கு முன் ஆய்வை மேற்பார்வையிடும் வழிகாட்டியைப் பிடி. ஒரு பேராசிரியருக்கு 8 ஆய்வு மாணவர்கள், இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4, அவ்வளவுதான் இடம். காலியிடம் இருக்கிறதா என்று கேட்காமல் பக்கம் பக்கமாக மெயில் அனுப்பாதே, யாரும் படிப்பதில்லை.

தலைப்பு ரொம்ப அகலம். சிறார் நீதிச் சட்டம் 2015, 46ஆம் பிரிவு வெளியேறும் பிள்ளைகளுக்கு நிதியுதவி தரலாம் என்கிறது. அது ஒரு மாவட்டத்தில் யார் கைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? அதை மட்டும் எடு, மூன்று வருடத்துக்குத் தாராளமாக வேலை இருக்கும்.

மதுரைக்காரி:
நன்றி அக்கா. சான்றுக்கு நாளைக்கே எழுதிக் கொடுக்கிறேன். வார்டனை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் அடுத்த கேள்வி.