புல்தரையில் வெள்ளைக் குடைக்காளான்: புற்றுக்காளானா, விஷமா?

கேள்வி: மழைக்குப் பிறகு புல்தரையில் வட்டமாக முளைத்திருக்கின்றன. குடை ஒரு சாண் அகலம், வெள்ளை, மேலே பழுப்புச் செதில்கள். தண்டில் வளையம் உண்டு. அடியில் செவுள் (குடைக்குக் கீழே வரிசையாக இருக்கும் மெல்லிய மடிப்புகள்) வெள்ளைதான். சமைக்கலாமா?

பதில் 1: வேண்டாம். விவரம் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற விஷக்காளானுக்குப் பொருந்துகிறது. இளசில் செவுள் வெள்ளையாகவே இருக்கும், முற்றினால்தான் சாம்பல் பச்சை ஏறும். ஏமாறுவது இங்கேதான். தின்றால் சில மணி நேரத்தில் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு.

உறுதி செய்ய ஸ்போர் அச்சு, அதாவது செவுளிலிருந்து உதிரும் வித்துத்தூளின் படிவு, எடுங்கள். நன்றாக விரிந்த குடையின் தண்டை வெட்டிவிட்டு, செவுள் கீழ்நோக்கி இருக்கும்படி வெள்ளைத் தாளில் வையுங்கள். மேலே ஒரு துளி தண்ணீர் விட்டுக் கிண்ணத்தால் மூடி, ஓர் இரவு விடுங்கள். பச்சைத் தூள் படிந்தால் இதுதான். மொட்டாக இருப்பதை வைத்தால் ஒன்றும் விழாது.

பதில் 2: சாப்பிடக்கூடிய புற்றுக்காளானைப் பிடுங்காமல் தோண்டிப் பாருங்கள். தண்டு வேர்போல நீண்டு கறையான் கூடு வரை இறங்கும். குடை நடுவில் கூர்மையான முனை இருக்கும், அச்சு இளஞ்சிவப்பு. உங்களுடையதன் தண்டடி சற்றே தடித்து மண்ணின் மேல்மட்டத்திலேயே முடிந்துவிடும்.

கேட்டவர்: பூண்டு போட்டுக் கொதிக்கவைத்தேன், கறுக்கவில்லையே?

பதில் 1: பூண்டு, மஞ்சள், வெள்ளிக்காசு எதுவுமே விஷத்தைக் காட்டாது. அச்சு வெள்ளையாக வந்தாலும் சாப்பிட அனுமதி என்று அர்த்தமில்லை; உயிரைக் குடிக்கும் அமானிட்டா வகைக் காளான்களின் அச்சும் வெள்ளைதான்.