கலைச்சொல் விவாதம்: ‘டிஃபரன்சியேஷன் ஆஃப் செல்ஃப்’ – ‘உடன்வேறாதல்’ சரிவருமா?

குழுமத்தார் அனைவருக்கும் வணக்கம். குடும்பச் சிகிச்சையில் வரும் ‘டிஃபரன்சியேஷன் ஆஃப் செல்ஃப்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்ற பேச்சில், ‘உடன்வேறாதல்’ என்பது என் முன்மொழிவு.

> ‘தனித்துவம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லாருக்கும் புரியும்.

தேவகோட்டை அண்ணனின் இந்த வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். புரியும்தான் அண்ணே, ஆனால் வேறொன்றாகப் புரியும். ஒருவரிடம் மட்டும் காணப்படும் சிறப்பைத்தான் தனித்துவம் என்கிறோம். பாடகரின் தனித்துவம், ஓர் ஊர்ச் சமையலின் தனித்துவம் என்கிற மாதிரி. இந்தக் கருத்தைத் தந்த அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரே போவன் பேசியது சிறப்பைப் பற்றி இல்லை.

அவர் 1954 முதல் 1959 வரை அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில், மனச்சிதைவு உள்ளவர்களைக் குடும்பத்தோடு சேர்த்தே மருத்துவமனையில் தங்கவைத்துக் கவனித்தவர். முதலில் தாயும் பிள்ளையும். பிறகு தகப்பன், உடன்பிறந்தோர் என்று மொத்தக் குடும்பமும். தாய்க்குப் பதற்றம் கூடினால் பிள்ளைக்கும் கூடுகிறது, பிள்ளை மோசமானால் தகப்பன் ஒதுங்கிக்கொள்கிறார். இப்படி உணர்ச்சி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவுவதை அருகிலிருந்தே பார்த்தார். குடும்பத்தின் பதற்றம் தன்மேல் ஏறும்போது, உறவையும் விடாமல், தன் யோசனையையும் விடாமல் ஒருவரால் நிற்க முடிகிறதா? எந்த அளவுக்கு முடிகிறதோ, அந்த அளவைத்தான் அவர் ‘டிஃபரன்சியேஷன்’ என்றார். அதற்கு 0 முதல் 100 வரை ஓர் அளவுகோலையும் வரைந்தார்; யாரும் நூற்றுக்கு நூறு எட்டுவதில்லை.

ஆகவே இந்தக் கருத்துக்கு இரண்டு பாதி உண்டு: தானாக நிற்பது ஒன்று, உறவோடு இருப்பது இன்னொன்று. இதுவரை குழுமத்தில் வந்த தனிப்படுதல், தன்வேறுபாடு, தற்பிரிவு மூன்றிலும் முதல் பாதிதான் இருக்கிறது. அதிலும் ‘வேறுபாடு’ வீட்டுக்குள் நுழைந்தால் மனஸ்தாபம் என்றே பொருள்.

காரைக்குடியில் குடும்ப ஆலோசனை தந்துகொண்டிருக்கிற எனக்கு இது வெறும் அகராதி வேலை இல்லை. மகன், மருமகள், மாமியார் மூவரும் உட்கார்ந்திருக்கும் அறையில், மகனைப் பார்த்து ‘நீங்க தனிச்சு நிக்கப் பழகணும்’ என்று சொன்னால், அந்த அம்மா காதில் ‘தனிக்குடித்தனம் போ’ என்றுதான் விழும். அடுத்த முறை அவர்கள் வரமாட்டார்கள். மூவரில் ஒருவர் வராவிட்டால் சிகிச்சையே நொண்டும். பாடப்புத்தகத்துக்கு மட்டும் என்றால் எந்தச் சொல்லும் ஓடிவிடும்; அறைக்குள் அந்த அம்மா முன்னால் சொல்லக்கூடிய சொல் வேண்டும்.

அதற்கு நம் பக்கத்து வழக்கிலேயே ஒரு பிடி கிடைக்கிறது. கல்யாணமான மகனையும் மருமகளையும் ‘வேறு வைப்பது’ செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் இருந்த முறை. வீடு அதே வீடுதான். வளவை, அதாவது வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்று அவர்களுக்கு. பின்கட்டில் அவர்களுக்கென ஓர் அடுப்பு. செலவுக்கு அரிசி பருப்பும் பணமும் அளந்து கொடுத்துவிடுவார்கள். கோயில் கணக்கில் அவர்கள் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பம். நல்லது கெட்டது என்றால் எல்லாரும் அதே வளவில்தான். சண்டை போட்டுக்கொண்டு பிரிந்து போவதாக இதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பெரியவர்களே முன்னின்று வைத்தார்கள். அதனால்தான் இங்கே ‘வேறு’ என்ற சொல்லில் பிரிவின் கசப்பு இல்லை.

> வேறு வைத்தல் மினூச்சின் சொன்ன எல்லைக்குத்தான் பொருந்தும். போவனுக்கு எப்படி?

கண்டனூர் ஆச்சி கேட்டது மிகச் சரியான கேள்வி. குடும்பச் சிகிச்சையாளர் சால்வடார் மினூச்சின் 1974-ல் எழுதிய நூலில் பேசும் எல்லை, கணவன் மனைவி, பெற்றோர் பிள்ளைகள் என்று குடும்பத்தின் உட்பிரிவுகளுக்கு நடுவே இருப்பது. அது மங்கிப்போனால் எல்லாரும் எல்லாவற்றிலும் தலையிடுவார்கள். இறுகிப்போனால் ஒருவர் கஷ்டம் இன்னொருவருக்கு எட்டாது. போவன் சொல்வது ஓர் ஆளுக்கு உள்ளே நடப்பது. அடுப்பு வேறாகியும், அம்மா முகத்தைப் பார்க்காமல் ஒரு முடிவும் எடுக்க முடியாத மகன்கள் உண்டு. ஆகவே வழக்கத்தை அப்படியே கருத்தாக்க நான் சொல்லவில்லை ஆச்சி. அந்த வழக்கத்தில் ‘வேறு’ பெற்றிருக்கிற பொருளை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்கிறேன்.

மற்ற பாதிக்கு ‘உடன்’. சைவ சித்தாந்தத்தில் இறைவன் உயிரோடு நிற்பதை ஒன்றாய், வேறாய், உடனாய் என்று மூன்றாகச் சொல்வது இங்கே பலரும் சிறு வயதிலிருந்து கேட்டது. அங்கே மூன்றும் சேர்ந்தே உண்மை, எதுவும் குறையில்லை. ஆகவே தத்துவத்தை இழுத்துவந்து குடும்பச் சிகிச்சையில் ஒட்டவைக்க வேண்டாம். ஆனால் ‘வேறாய்’, ‘உடனாய்’ இரண்டும் ஒன்றையொன்று அழிக்காமல் நிற்கும் பேச்சு நம் காதுக்குப் பழகியது. அந்தப் பழக்கம் போதும். உடன்வேறாதல்.

‘உடன்’ என்றதும் ‘உடனே’ என்று படித்துவிடுவார்களோ என்று ஒருவர் கேட்டிருந்தார். உடன்பிறப்பு, உடன்படிக்கை, உடன்பாடு எதையும் யாரும் அப்படிப் படிப்பதில்லை. சொல் வளையவும் செய்கிறது: உடன்வேறான மனிதர், உடன்வேறின்மை, உடன்வேற்று அளவுகோல். ‘செல்ஃப்’ என்பதற்குத் ‘தன்’ சேர்க்க வேண்டியதில்லை. வேறாகி நிற்பது தான்தான் என்பது சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

எதிர்ச்சொற்கள் இரண்டு வேண்டும். தன் யோசனை இல்லாமல் அடுத்தவர் உணர்ச்சியில் கரைந்துபோவதான ‘ஃபியூஷன்’ என்பதற்குக் ‘கரைவு’. பதற்றத்திலிருந்து தப்ப உறவைத் துண்டித்துக்கொள்வதான ‘எமோஷனல் கட்-ஆஃப்’ என்பதற்கு ‘உறவறுப்பு’. இந்த இரண்டாவதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குடும்பத்தை விட்டு ஓடிப்போகிறவரும், விட்டு நகரவே முடியாதவரும் உணர்ச்சியில் ஒரே அளவு கட்டுண்டவர்கள் என்பது போவனின் வாதம். தூரம் அளவுகோல் ஆகாது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போனவர்கள் கடல் தாண்டி இருந்தும் வீட்டோடு கடிதத்திலும் கணக்கிலும் தொடர்பிலேயே இருந்தார்கள். ஒரே வளவில் எதிரெதிர் அறையில் இருந்துகொண்டு ஆண்டுக்கணக்கில் முகம் பார்க்காத அண்ணன் தம்பியும் உண்டு. உறவறுப்பு அந்த அண்ணன் தம்பிக்குத்தான் பொருந்தும்.

‘டிரையாங்குலேஷன்’ பற்றிச் சுருக்கமாக. இருவருக்குள் பதற்றம் ஏறினால் மூன்றாமவரை உள்ளே இழுத்து அதை இறக்கிக்கொள்வது அது. ‘முக்கோணமாக்கல்’ வேண்டாம், முக்கோணம் என்றதும் சினிமாக் காதல்தான் நினைவுக்கு வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகூட ‘என்னை ஏன் நடுவுல இழுக்கிறீங்க?’ என்று சரியாகச் சொல்கிறது. நடுவிழுப்பு என்று வைத்துவிடலாம்.

இன்னும் முடியாமல் இருப்பது ‘ஐ-பொசிஷன்’. கோபமோ கெஞ்சலோ இல்லாமல், யாரையும் குறை சொல்லாமல், ‘நான் இதைச் செய்வேன், இதைச் செய்ய மாட்டேன்’ என்று மட்டும் சொல்வது. உடன்வேறாதலுக்கு அறைக்குள் நாங்கள் தரும் முதல் பயிற்சியே அதுதான். ‘தன்னிலைக் கூற்று’ என்று எழுதிப் பார்த்தேன். தன்னிலை விளக்கம் என்ற வழக்கு ஏற்கெனவே இருப்பதால், குற்றம் சாட்டப்பட்டவர் பதில் சொல்வது போன்ற வாடை அடிக்கிறது. ‘என் நிலை’ என்று பேச்சுமொழியிலேயே விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். ஆச்சி இதைப் பற்றி எழுத வேண்டும்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து