வினைல் பொம்மைக்குப் பேனாவால் கண்ணாடி: எங்கள் அனுபவங்கள்

என் மகளுக்கு மூக்குக்கண்ணாடி போட்ட அன்றே, அவள் தன் பொம்மைக்கும் நீலப் பேனாவால் வட்டமாக ஒரு கண்ணாடி வரைந்துவிட்டாள். சோப்பு நீரில் துடைத்தும் கோடு அசையவில்லை. அவசரப்பட்டு நகப்பூச்சு நீக்கியைப் பஞ்சில் நனைத்து ஒற்றினேன். கோடு அப்படியே இருக்க, ஒரு புருவமும் நெற்றியின் வழவழப்பும் போயின. அந்த நீக்கியில் இருந்த அசிட்டோன் என்ற கரைப்பான் கலந்த எதையும், வினைல் என்ற இந்த வளையும் பிளாஸ்டிக்கின் அருகில் கொண்டுபோகக் கூடாது என்பதை அன்று கற்றேன்.

வினைல் வளைந்து கொடுப்பதற்காக அதில் எண்ணெய் போன்ற மென்மையாக்கியைச் சேர்க்கிறார்கள்; பேனா மை அதனுடன் கலந்து உள்ளே இறங்கிவிடுவதால், எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை, வெளுக்கத்தான் வேண்டும். முகப்பருவுக்குப் பூசும் 10 சதவீத பென்சாயில் பெராக்சைடு களிம்பைக் கோட்டின் மீது மட்டும் பஞ்சுக் குச்சியால் தடவி, காய்ந்துவிடாதபடி மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, பொம்மையின் மற்ற பகுதிகளைத் துணியால் சுற்றி வெயிலில் வைத்தேன். மாலையில் கழுவி மறுநாள் புதிதாகப் பூச, நான்காம் நாள் நீலம் மங்கி ஊதாவாயிற்று. ஆறாம் நாள் கோடு இல்லை. ஆனால் ஆர்வக்கோளாறில் அகலமாகப் பூசியதால், இடக் கன்னத்தில் விரல்நுனி அளவுக்கு ஒரு வெளுப்பு நிலைத்துவிட்டது. தீட்டிய உதட்டிலும் கண்ணிலும் களிம்பு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சோப்பு நீரில் நன்கு கழுவிய பிறகே குழந்தையிடம் கொடுங்கள். நான் அப்படிக் கொடுத்தபோது, "கண்ணாடியை ஏன் அம்மா பிடுங்கினீர்கள், அவளுக்கு எப்படிக் கண் தெரியும்?" என்று கேட்டு மகள் அழுதாள்.

* * *

மேலே எழுதியவர் கரைப்பானில் செய்த பிழையை நான் தண்ணீரில் செய்தேன். படுக்க வைத்தால் கண் மூடும் பொம்மையை மகனோடு சேர்த்துக் குளிப்பாட்டியதில், தலைக்குள் இருந்த கம்பி துருப்பிடித்து, ஒரு கண் பாதி மூடியபடியே நின்றுவிட்டது; இமையோரத்தில் பழுப்பு நிறக் கசிவு வேறு. அடுத்து வாங்கிய, கண் அசையாத முழு வினைல் பொம்மையிலோ கைமூட்டு வழியாக நீர் புகுந்தது. வயிற்றை அமுக்கியபோது கருப்புத் துகள்களோடு நீர் சொட்டியதும் பூஞ்சை என்று புரிந்தது. கழுத்தை வெந்நீரில் நனைத்து இளக்கித் தலையைக் கழற்றி, உட்புறத்தை வினிகர் கலந்த நீரால் அலசி, கவிழ்த்து இரண்டு நாள் உலர்த்தினேன். இப்போது ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. உடல் துணியாலான பொம்மையாக இருந்தால் அதையும் தண்ணீரில் அமிழ்த்தாதீர்கள்.

* * *

என்னுடையது நான் சிறுமியாக விளையாடிய பொம்மை. செம்புக் கம்பித் தோட்டைக் கழற்றாமல் விட்டதால் காதுமடலில் பச்சை ஊறியிருந்தது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் ஆண்டுக்கணக்கில் கிடந்ததால் கால்கள் பிசுபிசுத்தன. அந்தப் பிசுக்கு, முதலாமவர் குறிப்பிட்ட மென்மையாக்கியின் கசிவே. துடைத்தால் போய்ச் சில மாதங்களில் திரும்ப வருகிறது. பொம்மைகளில் தாலேட் வகை மென்மையாக்கிகளை ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் தற்காலிகமாகவும் 2005இல் நிரந்தரமாகவும் கட்டுப்படுத்தியது. இது அதற்கெல்லாம் வெகு முந்தையது என்பதால், எதையும் வாயில் வைக்கும் என் பேத்தியிடம் கொடுக்காமல், வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வெயில் படாத அலமாரியில் வைத்திருக்கிறேன். சாயத்துணி வேண்டாம், முன்பு சுற்றியிருந்த சிவப்புப் பாவாடையின் கறை இன்றும் அதன் முழங்காலில் தெரிகிறது.